ஒரு பிடி மண்ணில் ஒளிந்திருக்கும் மருந்து!

ராஜபாளையம் பக்கத்தில் இருக்கும் சத்திரப்பட்டிக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம். இங்கே நெய்வது சேலையோ வேட்டியோ அல்ல. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. எங்கோ ஓர் ஊரில் ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரின் வயிற்றைச் சுற்றியிருக்கும் வெள்ளைத் துணி இந்தத் தெருக்களில் நெய்ததாக இருக்கலாம்.

துணி காயத்தை மூடும், ரத்தத்தை உறிஞ்சும். ஆனால் கிருமி உள்ளே போய்விட்டால் துணியால் ஒன்றும் ஆகாது. அப்போது டாக்டர் எழுதிக்கொடுப்பது ஆன்டிபயாடிக். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், 'ஏதோ பெரிய லேபில் கெமிக்கல் கலந்து செய்வார்கள்' என்றுதான் பலரும் சொல்வார்கள். நாம் இன்று பயன்படுத்தும் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பங்கின் சொந்த ஊர் மண். அதே சத்திரப்பட்டித் தறிக்கூடத்துக்கு வெளியே, செருப்பில் ஒட்டிக்கொள்ளும் மண்ணைப் போன்ற சாதாரண மண்தான்.

மறுபடியும் அந்த மண்ணைத் தோண்ட வேண்டிய கட்டாயம் இப்போது வந்திருக்கிறது. இருக்கிற மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிக்கொண்டே வருகின்றன. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் 2019-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக, 'லான்செட்' மருத்துவ இதழ் 2022-ல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. இதில் நம் வீட்டுப் பங்கும் உண்டு. சளி, காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போகாமல் மெடிக்கல் ஷாப்பில் 'அண்ணே, போன தடவை குடுத்த அதே மாத்திரை நாலு குடுங்க' என்று வாங்குகிறோமே, அதுதான். பெரும்பாலான சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. மாத்திரை அட்டையின் பின்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்று அர்த்தம். இதை மக்களுக்குச் சொல்ல மத்திய அரசு 2016-ல் தனிப் பிரசாரமே நடத்தியது. எத்தனை வீடுகளில் அந்தக் கோட்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள்?

சரி, மண்ணுக்கு வருவோம்.

ஐப்பசியில் முதல் மழை விழும்போது, ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு பக்கமோ ராஜபாளையம் அய்யனார் கோயில் வழியிலோ நின்றிருப்பவர்களுக்கு அந்த வாசனையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மண் வாசனை. அதைக் கிளப்புவது 'ஜியோஸ்மின்' என்ற பொருள். மண்ணில் அதை முக்கியமாக உண்டாக்குவது 'ஸ்ட்ரெப்டோமைசிஸ்' என்ற பாக்டீரியாக் குடும்பம். ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து நானோகிராம் கரைந்திருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். பீட்ரூட்டை நறுக்கும்போது வருகிற மண் வாடையும் இதுதான். கண்மாய் மீனில் சில சமயம் அடிக்கும் சேற்று வாடைக்கும் இதே ஜியோஸ்மின்தான் காரணம். அங்கே அதைத் தயாரிப்பது வேறு வகை நுண்ணுயிர்.

பாக்டீரியா எதற்கு வாசனை போட வேண்டும்? 2020-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு அழகான விடை சொன்னது. மண்ணுக்குள் துள்ளித் திரியும் மிகச் சிறிய பூச்சிகள் இந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து ஸ்ட்ரெப்டோமைசிஸைத் தின்கின்றன. தின்றுவிட்டு அதன் வித்துகளை உடம்பில் ஒட்டிக்கொண்டு வேறு இடத்தில் கொண்டுபோய்ப் போடுகின்றன. பழத்தைத் தின்று கொட்டையைப் பரப்பும் பறவையின் கதைதான், மண்ணுக்கடியில் நடக்கிறது.

அந்த வாசனைக்காரர்களே ஆன்டிபயாடிக் தயாரிப்பவர்களும். ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. இருப்பதோ கொஞ்சம் சாப்பாடு. பக்கத்து வீட்டுக்காரனை அண்டவிடாமல் இருக்க ஒவ்வொன்றும் ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. அந்தச் சண்டையின் ஆயுதத்தைத்தான் மனிதன் எடுத்து மாத்திரையாக்கினான். (பெனிசிலின் இந்தக் கணக்கில் சேராது, அது பூஞ்சையிலிருந்து வந்தது.)

1943-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், ரட்கர்ஸ் வேளாண் கல்லூரியின் அடித்தளத்தில் இருந்த ஒரு சிறிய லேபில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் மாணவர் இரவு பகலாக உட்கார்ந்து மண் பாக்டீரியாக்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். எரு போட்ட வயல் மண்ணிலிருந்து ஒன்றும், ஒரு கோழியின் தொண்டையிலிருந்து ஒன்றுமாக இரண்டு ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிடைத்தன. அதிலிருந்து பிறந்ததுதான் ஸ்ட்ரெப்டோமைசின், காசநோய்க்கு உலகம் கண்ட முதல் ஆன்டிபயாடிக். 1952-ல் நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனுக்கு மட்டும் கிடைத்தது. அதற்கு முன்பே ஷாட்ஸ் கோர்ட்டுக்குப் போய்த் தன் பெயரையும் பங்கையும் நிலைநாட்ட வேண்டியிருந்தது.

இதன் பிறகு மருந்து கம்பெனிகள் உலகம் முழுக்க மண் சேகரிக்க ஆரம்பித்தன. போர்னியோ காட்டிலிருந்து ஒரு மிஷனரி தன் கெமிஸ்ட் நண்பருக்கு அனுப்பிய மண்ணிலிருந்து வான்கோமைசின் வந்தது. பிலிப்பைன்ஸின் இலோயிலோ பகுதியிலிருந்து அபெலார்டோ அகிலார் என்ற டாக்டர் 1949-ல் அனுப்பிய மண்ணிலிருந்து எரித்ரோமைசின் வந்தது. கம்பெனிக்குக் கோடிகள் கிடைத்தன. தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று பின்னாளில் கேட்ட அந்த டாக்டருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

காசநோய்க்கு அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முதல் நாள் பயந்துபோய் நர்ஸிடம் ஓடியவர்கள் உண்டு. அந்த நிறத்துக்குக் காரணம் ரிஃபாம்பிசின் மருந்து. அதன் மூலம், 1957-ல் பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் ஒரு பைன் காட்டில் எடுத்த மண். இத்தாலியின் லெபெடிட் கம்பெனி விஞ்ஞானிகள் அப்போது ஓடிக்கொண்டிருந்த 'ரிஃபிஃபி' என்ற பிரெஞ்சு சினிமாவின் பெயரையே செல்லமாக வைத்துக் கூப்பிட, அது 'ரிஃபாமைசின்' ஆகிப் பிறகு ரிஃபாம்பிசின் ஆனது.

இந்திய மண் இந்தக் கதையில் எங்கே? இருக்கிறது, ஆனால் பாடப்புத்தகத்தில் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் பக்கம் நிமோடி என்ற கிராமம். அங்கே எடுத்த மண்ணில் ஓர் அபூர்வ பாக்டீரியா இருந்தது. அதே லெபெடிட் கம்பெனி விஞ்ஞானிகள் 1978-ல் அதைப் பற்றி எழுதினார்கள். அதிலிருந்து வந்த டெய்கோபிளானின், மற்ற மருந்துகளுக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிக்கு ஐ.சி.யூ-வில் இன்றும் போடப்படும் ஊசி. நம் ஊர் கார்ப்பரேட் ஆஸ்பத்திரி பில்லில் அந்தப் பெயரைப் பார்த்து, விலையைப் பார்த்து மலைத்தவர்கள் இருப்பார்கள். அது நம் நாட்டு மண் என்பது பில்லில் இருக்காது.

இன்னொன்று புனே பக்கத்துப் பிம்ப்ரி. யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் உதவியோடு 1954-ல் அங்கே தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ். பெனிசிலின் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் அதோடு நிற்காமல் மண்ணையும் தோண்டியது. எம்.ஜே.திருமலாச்சார் தலைமையில் பிம்ப்ரி மண்ணிலேயே ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸைக் கண்டுபிடித்து, அதற்கு ஊர் பெயரையே சேர்த்து 'ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா' என்று வைத்தார்கள். அதிலிருந்து 1960-களின் தொடக்கத்தில் வந்த 'ஹாமைசின்' பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து. பெயரின் முன்பாதி அந்த நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துகள்.

சென்னைக்கும் ஒரு சொந்தம் உண்டு. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். காதி உடையோடு ஆபரேஷன் தியேட்டருக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ்-க்குப் பதில் அதற்குக் கீழான பட்டமே கிடைத்தது. பிறகு அமெரிக்கா போய் லெடர்லே ஆய்வுக்கூடத்தின் தலைமைக்கு உயர்ந்தார். டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தான ஆரியோமைசின், மிசௌரியின் ஒரு வயல் மண்ணிலிருந்து, எழுபது வயது தாண்டிய பெஞ்சமின் டக்கர் என்ற தாவர விஞ்ஞானியின் கையால் அங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது. அது 1948-ல் வெளியே வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் மருந்து தேடி மலையேறுவது புதிதல்ல. சஞ்சீவி மலை என்று பெயரே இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி ஏறுகிறவர்களில் மூலிகைக் கதைகள் கேட்காமல் இறங்குகிறவர் குறைவு. எல்லோரும் செடியைப் பார்க்கிறார்கள், வேரைப் பார்க்கிறார்கள். வேரில் ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டிவிட்டுவிடுகிறார்கள்!

இத்தனைக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களைச் சுற்றி மண்ணுக்கு எத்தனை முகம்! மேற்கே மலையில் இலை மக்கிய கறுப்பு மண். அடிவாரத்து மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் செம்மண். கிழக்கே போகப் போகக் கரிசல். நடுவில் கண்மாய்களின் வண்டல். மாட்டுத் தொழுவத்து எரு வேறு. ஒவ்வொன்றிலும் ஈரம் வேறு, உப்பு வேறு, குடியிருக்கும் பாக்டீரியா வேறு.

தேடும் முறை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. தமிழ்நாட்டில் மைக்ரோபயாலஜி படிக்கும் எம்.எஸ்ஸி மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்கு அடிக்கடி எடுக்கும் தலைப்புகளில் ஒன்று இது. மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் அளவுக்குள் தோண்டி, சுத்தமான கரண்டியால் மண்ணை எடுத்துப் பையில் போட்டு, இடமும் தேதியும் எழுதுவார்கள். சில நாள் உலர்த்துவார்கள். சாதாரண பாக்டீரியாக்களில் பல அதில் செத்துப்போகும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் வித்துகள் தாக்குப்பிடிக்கும்.

பிறகு ஒரு கிராம் மண்ணைத் தண்ணீரில் கலக்கி, அதில் ஒரு பங்கு எடுத்து ஒன்பது பங்கு தண்ணீரில் விட்டு, அதிலிருந்து மறுபடியும் ஒரு பங்கு... இப்படிக் கெட்டித் தயிரை நீர்மோராக்குவதுபோல் பலமுறை நீர்க்கவைப்பார்கள். அப்போதுதான் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரியும். அதை மாவுச்சத்தும் பால் புரதமும் சேர்த்த அகர் தட்டில் ஊற்றி மூடிவைப்பார்கள். அகர் வேறொன்றும் இல்லை, வீட்டில் கடல்பாசி அல்வா செய்கிறோமே, அந்தச் சரக்குதான்.

ஒரு வாரம், பத்து நாள் பொறுக்க வேண்டும். மற்ற பாக்டீரியாக்கள் வழவழவென்று வளரும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் மட்டும் சாக்பீஸ் பொடி தூவியதுபோல் வெள்ளையாக, சாம்பலாக, சில சமயம் ரோஸ் நிறமாக, காய்ந்த பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். மூடியைத் திறந்தால் லேபுக்குள் மழை பெய்த வாசனை.

அடுத்தது பரீட்சை. புதுத் தட்டின் நடுவில் அந்தப் பாக்டீரியாவை ஒரு கோடாக இழுத்து வளரவிடுவார்கள். சில நாள் கழித்து, அந்தக் கோட்டை நோக்கிக் குறுக்கே நோய்க்கிருமிகளைத் தனித்தனிக் கோடுகளாக இழுப்பார்கள். நடுக்கோடு ஆன்டிபயாடிக் சுரந்திருந்தால், கிருமியின் கோடு அதன் அருகே வராமல் தூரத்திலேயே நின்றுவிடும். வெறும் கண்ணுக்கே தெரியும் அந்த இடைவெளியை முதல்முறை பார்க்கும் மாணவருக்கு அன்று ராத்திரி தூக்கம் வராது.

சிக்கலே இனிமேல்தான். கிருமியைக் கொல்வது பெரிய விஷயமே இல்லை. பினாயிலும்தான் கொல்லும். கிருமியைக் கொன்று மனிதனை விட்டுவைக்க வேண்டும். சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடாது. ரத்தத்தில் கலந்து காயம் இருக்கும் இடம்வரை போய்ச் சேர வேண்டும். பெரும்பாலானவை இங்கேயே கழன்றுவிடும்.

தப்பித் தேறியதிலும் ஏமாற்றம் காத்திருக்கும். ஆராய்ந்து பார்த்தால் அது எண்பது வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்த பழைய பொருளாக இருக்கும். ஒரு கணக்குப்படி, மண்ணிலிருந்து எடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைப் பாக்டீரியாக்களில் பத்தில் ஒன்று ஸ்ட்ரெப்டோத்ரிசின் என்ற பழைய மருந்தைச் சுரக்கும். நூறில் ஒன்று ஸ்ட்ரெப்டோமைசின். டாப்டோமைசின் போன்ற மருந்து வேண்டும் என்றால் கோடியில் ஒன்று! 1960-களுக்குப் பிறகு கம்பெனிகள் மண்ணை மெல்லக் கைவிட்டது இதனால்தான். ஒரே கிணற்றில் எத்தனை தடவை வாளி விடுவது?

ஆனால் கிணற்றின் அடியை யாரும் பார்க்கவே இல்லை. மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்களில் சுமார் நூற்றுக்கு ஒன்றுதான் லேப் தட்டில் வளரும். மீதித் தொண்ணூற்றொன்பதுக்கு நம் சமையல் பிடிப்பதில்லை. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கிம் லூயிஸும் ஸ்லாவா எப்ஸ்டீனும் இதற்கு ஒரு எளிய தந்திரம் செய்தார்கள். நுண்ணிய துளைகள் போட்ட பிளாஸ்டிக் தகட்டில், துளைக்கு ஒரு பாக்டீரியா என்று அடைத்து, சவ்வு போட்டு மூடி, எடுத்த மண்ணுக்குள்ளேயே மறுபடி புதைத்துவிட்டார்கள். சொந்த வீட்டில் இருப்பதாக நினைத்து அவை வளர்ந்தன. 2015-ல் இப்படிக் கிடைத்ததுதான் டெய்க்ஸோபாக்டின். பத்து ஆண்டு கடந்தும் அது இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரி ரைட் குழு செய்தது அதைவிட எளிது. லேபில் வேலை பார்த்தவர் ஒருவரின் வீட்டுக் கொல்லைப்புற மண்ணை எடுத்துவந்து தட்டில் போட்டு, சுமார் ஒரு வருடம் அப்படியே வைத்திருந்தார்கள். வேகமாக வளரும் முரடர்கள் ஓய்ந்த பிறகு, நிதானமாக வளரும் பாக்டீரியா ஒன்று எழுந்தது. அது சுரந்த 'லாரியோசிடின்' சுருக்குக் கயிறு போன்ற வடிவம் கொண்டது. கிருமி புரதம் தயாரிக்கும் இயந்திரத்தை, பழைய மருந்துகள் தொடாத ஓர் இடத்தில் பிடிக்கிறது. 2025 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வந்தது. எலிகளில் வேலை செய்திருக்கிறது. மனிதர்களிடம் வர நெடுந்தூரம்.

அந்த நெடுந்தூரத்துக்குப் பணம் வேண்டும். இங்கேதான் உலகமே தடுமாறுகிறது. பிரஷர் மாத்திரை என்றால் ஆயுள் முழுக்கச் சாப்பிடுவார்கள். ஆன்டிபயாடிக் ஒரு வாரம். அதுவும் புது மருந்தைக் கடைசி ஆயுதமாக ஒளித்துவைக்க வேண்டும் என்பார் டாக்டர். விற்கக் கூடாத சரக்கைத் தயாரிக்க எந்த முதலாளி வருவார்? மண் பாக்டீரியா தந்த ஒரு பழைய மூலக்கூறைத் திருத்திப் பிளாசோமைசின் என்ற மருந்தை உருவாக்கியது அமெரிக்காவின் அக்காவோஜென் கம்பெனி. 2018 ஜூனில் அனுமதி கிடைத்தது. 2019 ஏப்ரலில் கம்பெனி திவால்.

இந்தியாவில் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. வோக்ஹார்ட் நிறுவனத்தின் நாஃபித்ரோமைசின் 2024 நவம்பரில் அறிமுகமானது. 14 ஆண்டு உழைப்பு, 500 கோடி ரூபாய் செலவு என்றது மத்திய அரசு. அதன் வேர், பிலிப்பைன்ஸ் மண் தந்த எரித்ரோமைசின் குடும்பம்தான். சென்னையின் ஆர்கிட் நிறுவனத்தில் பிறந்த என்மெட்டாசோபாக்டம், வேறொரு ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துத் தரும் துணை மருந்து; அமெரிக்க அரசின் அனுமதியை 2024 பிப்ரவரியில் பெற்றது. இது மண்ணிலிருந்து வந்ததல்ல. ஆனால் பழைய மருந்துகளைக் கிருமி உடைத்துவிடாமல் காக்கிறது.

நிமோடி கிராமத்து மண் இத்தாலிக்குப் போனதுபோல் இன்று போக முடியாது. 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் கம்பெனி நம் மண்ணின் நுண்ணுயிரைத் தொட வேண்டுமானால் தேசிய பல்லுயிர்ப் பெருக்க ஆணையத்தின் அனுமதி வேண்டும். லாபம் வந்தால் பங்கும் தர வேண்டும். அந்த ஆணையத்தின் தலைமை அலுவலகம் இருப்பது சென்னை தரமணியில். செண்பகத்தோப்புக்கு மேலே உள்ள காடு 1988-லேயே சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆகிவிட்டது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமும் ஆனது. அங்கே ஒரு கரண்டி மண் எடுக்கவும் வனத்துறை அனுமதி தேவை. அணிலுக்கும் புலிக்கும் போட்ட வேலி, யாரும் கேட்காமலே அந்த மண்ணின் பாக்டீரியாக்களையும் காத்துக்கொண்டிருக்கிறது.

தோப்பு மண்ணுக்கும் தொழுவத்து மண்ணுக்கும் அப்படி வேலி கிடையாது. பால்கோவாவுக்குப் பேர்போன ஊரைச் சுற்றி மாடுகளுக்கா குறைவு? எங்கும் உள்ளதுபோல் மாட்டுக்கு மடிநோய் வந்தால் டாக்டர் ஆன்டிபயாடிக் போடுவார். அவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும், விற்கக் கூடாது. காய்ச்சினால் எல்லா மருந்தும் போய்விடாது. மாட்டுக்குள் போன மருந்தில் ஒரு பகுதி சாணத்தோடு எருக்குழிக்கும் போகிறது. அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்கின்றன. புது மருந்து தேடி மண் எடுக்கும் மாணவர், அதே பையில் பழைய மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவையும் சேர்த்தே கொண்டுவருகிறார்.

அந்த மாணவருக்குக் கிடைப்பது ஒரு செமஸ்டர். மண் எடுக்க, வளர்க்க, கோடு போட்டுப் பார்க்க, ஆய்வறிக்கை எழுதி பைண்டிங் பண்ண அவ்வளவுதான் நேரம். வைவா முடிந்ததும் பெரும்பாலும் தட்டுகளைப் பிரஷர் குக்கர் போன்ற ஆட்டோகிளேவில் வேகவைத்துக் குப்பைக்கு அனுப்பிவிடுவார்கள். பாதுகாப்பு விதி அப்படி. நல்ல பாக்டீரியாவாகத் தெரிந்தால் சண்டிகரில் இருக்கும் அரசு நுண்ணுயிர் சேமிப்பகத்துக்கு அனுப்பலாம். அங்கே உறைநிலையில் வைத்துக் காப்பார்கள். அனுப்புகிறவர்கள் குறைவு. அடுத்த ஐப்பசியில் அடுத்த பேட்ச் மாணவர்கள் அதே தோப்பில், அதே ஒரு சாண் ஆழத்தில், முதலிலிருந்து தோண்ட ஆரம்பிப்பார்கள்.